மலைக்கால்

அன்பு மகனுக்கு,

நீ ஐ.டி.ஐ. விடுதியில் இருந்த காலத்தில் உனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் "இங்கு நான் சுகம்" என்றுதான் தொடங்கியிருப்பேன். இன்று அப்படித் தொடங்கக் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். சொல்லலாம். ஆனால் போனில் நான் ஆரம்பித்ததுமே நீ சிரித்து, "சரிம்மா, சரிம்மா, சாப்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவாய். நானும் பாதியில் அழுது மீதியை விழுங்கிவிடுவேன். ஞாயிறு பள்ளியில் இருபது வருஷம் பாடம் எடுத்தவளுக்கு எழுத்தில்தான் தைரியம் வரும். நீ வெள்ளிக்கிழமை தோஹாவுக்கு விமானம் ஏறுகிறாய். அதற்கு முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று, எறணாகுளம் போகும் ஜீப்பில் டீத்தூள் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடப் போகிறேன். டீத்தூளைப் பிறகு பிரித்துக்கொள். இதை முதலில் படி.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெனியையும் ஏஞ்சலையும் கூட்டிக்கொண்டு விடைபெற வந்தாயே, அன்று உன் பையை அடுக்கும்போது கேட்டேன், கம்பெனி டெஸ்டில் கொழுப்பு ரொம்பக் கூட இருக்கிறது என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை எடுத்து வைத்தாயா என்று. நீ சாதாரணமாகச் சொன்னாய். "அத நிறுத்தி இருவது நாள் ஆச்சும்மா. குதிகால்ல ஒரே வலி. ஏணியில ஏற முடியல. அப்பாவுக்கும் அந்த மாத்திரையாலதான நரம்பு அறுந்துச்சு? நீதானம்மா சொன்ன." அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் பாலே இல்லை. திரும்பி வந்தபோது நீ வாசலில் உட்கார்ந்து ஏஞ்சலின் குதிகாலைக் கிள்ளி, "பாரு, எம் மகளுக்கும் மலைக்கால் வந்துரும்" என்று ஜெனியிடம் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போதே உன் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டவில்லை. டாட்டா காட்டி அனுப்பிவிட்டேன்.

நீதானம்மா சொன்ன என்றாயே, ஆமாம், நான்தான் சொன்னேன். உனக்கு மட்டுமா சொன்னேன்? லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் சொன்னேன். அது தப்பு. அந்தத் தப்பு எப்படி நடந்தது என்று முழுக்கச் சொன்னால்தான் நீ நம்புவாய், ஏனென்றால் நீ என் பிள்ளை, வெறுமனே "மாத்திரையைப் போடு" என்று சொன்னால் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்பாய். அந்தக் குணமும் என்னிடமிருந்து வந்ததுதான்.

உன் அப்பாவை எனக்குப் பார்த்தபோது என் தகப்பனார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். சிரிக்காதே, உண்மை. அந்தக் காலத்தில் இந்த எஸ்டேட்டில் சரிவான காடுகளில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணிமார்கள் குதிகாலைத்தான் பார்ப்பார்கள். குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலுக்குப் போகும் அந்த நரம்பு, மற்றவர்களுக்கு விரல் தடிமன் இருந்தால் உன் அப்பா குடும்பத்துக்கு மூங்கில் கழி மாதிரி தடித்துப் புடைத்து இருக்கும். அதற்கு மலைக்கால் என்று பேர் வைத்திருந்தார்கள். மலைக்கால்காரன் சறுக்க மாட்டான், மூட்டையோடு நேர் ஏற்றத்தில் ஏறுவான் என்று பேச்சு. உன் தாத்தாவுக்கு, உன் அப்பாவுக்கு, ரோஸ்லி அத்தைக்கு, எல்லோருக்கும் அந்தக் கால். "கால் நல்லா இருக்கு, கஞ்சிக்குக் கொற வராது" என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நானும் பெருமைப்பட்டேன். கல்யாணமான புதிதில் அவர் வேலை முடிந்து வந்து கால் கழுவும்போது அந்தக் குதிகாலைத் தொட்டுப் பார்ப்பேன். கல் போல இருக்கும். அவருடைய கருவிழியைச் சுற்றி ஒரு வெள்ளை வளையமும் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முப்பது வயதிலேயே இருந்தது. அதையும் அழகு என்றுதான் நினைத்தேன்.

உன் தாத்தா நாற்பத்தைந்து வயதில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். கஷ்டப்படாமல் போனார், கொடுத்து வைத்தவர் என்று எல்லோரும் சொன்னோம். காலையும் சாவையும் சேர்த்து வைத்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் பேக்டரி வாசலில் ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். உன் அப்பாவின் காகிதத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்த சின்ன டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கொழுப்பு மிக அதிகம், இந்த மாத்திரையை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவர் நல்ல பிள்ளையாகப் போட்டார். நாலு மாசம் போட்டிருப்பார். ஒரு நாள் மழையில், உரமூட்டையோடு மேட்டுக்காட்டில் ஏறிக்கொண்டிருந்தவர் பட்டென்று நின்று, பின்னால் வந்தவரைத் திரும்பிப் பார்த்து, "எவம்ல என் கால்ல கம்பால அடிச்சது?" என்று கத்தியிருக்கிறார். யாரும் அடிக்கவில்லை. குதிகால் நரம்பு அறுந்திருந்தது. கிளை முறிந்த மாதிரி சத்தம் கேட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மூன்று மாசம் கட்டு. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் நொண்டினார். அவரைக் கவாத்து வேலையிலிருந்து எடுத்து பேக்டரி வாசலில் காவலுக்குப் போட்டார்கள். மலைக்கால்காரனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று உனக்கே தெரியும்.

இங்கேதான் நான் வருகிறேன். லயத்தில் மாத்திரை அட்டையில் இருக்கும் இங்கிலீஷைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டிஸ்பென்சரியிலிருந்து வருகிற பெண்கள் எல்லாம் முதலில் என் வாசலில் நிற்பார்கள், "அக்கா, இது எதுக்குன்னு பாருங்க" என்று. எனக்கு அதில் கர்வம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நர்ஸ் சொன்னதை நான் சரி என்று தலையாட்டினால்தான் அவர்கள் விழுங்குவார்கள். அப்படிப்பட்டவள் வீட்டில் இப்படி நடந்ததும் நான் சும்மா இருப்பேனா? மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பொடி எழுத்துக் காகிதத்தை எடுத்து விரித்தேன். பக்க விளைவுகள் என்று நீளமாக ஒரு பட்டியல். அதில் டெண்டன் என்று ஒரு வார்த்தை. உன் பள்ளிக்கூட அகராதியை எடுத்துத் தேடினேன். தசைநார் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டேன்! அந்த வார்த்தைக்கு முன்னால், மிக அபூர்வமாக என்று எழுதியிருந்ததையும் படித்தேன். படிக்கவில்லை என்று சொன்னால் பொய். படித்தும் தள்ளிவிட்டேன். மீதி இருந்த அட்டைகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். "காலத் தின்ன மாத்திர, இனி இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்று உன் அப்பாவிடம் சொன்னேன். நீயும் அப்போது அங்கேதான் நின்றாய், புகை நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு.

அதற்கப்புறம் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு சாயங்காலம் உன் அப்பா வேலை முடிந்து லயத்துப் படி ஏறி வந்தவர், நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏ புள்ள, அந்த மாத்திரைய மறுபடி போட்டுப் பாக்கட்டா? படி ஏறுனா நெஞ்ச அடைக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்குற ஒரு காலையும் அறுத்துக்கிடணுமா? வாயுவா இருக்கும், சுக்குத் தட்டிப் போட்டுத் தாரேன்." அவர் சிரித்தார். "நீ சொன்னா சரிதான், டாக்டரம்மா" என்றார். கேலியாகச் சொன்னாலும் அவர் என் பேச்சை நம்பினார். நம்பித்தான் திரும்பக் கேட்கவே இல்லை. அந்தச் சிரிப்பை நான் பதிமூன்று வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

நீ ஐ.டி.ஐ. முடித்து வந்த மாசம் அவர் உன் காலைப் பிடித்துப் பார்த்தது ஞாபகம் இருக்கும். முற்றத்தில் நிற்க வைத்து, குனிந்து, இரண்டு விரலால் உன் குதி நரம்பைக் கிள்ளி, "வந்துருச்சுல மலைக்கால்! எம் மவன்ல நீ!" என்று ஒற்றைக் காலில் ஆடினார். அடுத்த மாசமே உனக்குப் புது ஷூ வாங்கித் தந்தார். அந்த ஷூ பழசாவதற்கு முன்னால், மஸ்டரில் பேர் கூப்பிடும் நேரத்தில், வரிசைக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டார். நாற்பத்தேழு வயசு. கால் போன கவலையில் நெஞ்சு வெடித்துப் போனார் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். மாத்திரைதான் காலை எடுத்தது, கால் போனதுதான் ஆளை எடுத்தது என்று ஒரு கதை கட்டி, அதை நானே நம்பினேன். துக்கம் கேட்க வந்தவர்களில் ரெண்டு பேர் வீட்டுக்குப் போய்த் தங்கள் மாத்திரையையும் நிறுத்தினார்கள். அவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கடவுள் புண்ணியம்.

இந்தக் கதை உடைந்தது மூன்று மாசத்துக்கு முன்பு. ரோஸ்லி அத்தைக்கு நெஞ்சுவலி என்று ஜீப்பில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேனே, அன்று. உன்னிடம் "வாயுக்கோளாறு, சரியாகிவிட்டது" என்று சொன்னேன். அது பொய். ரத்தக் குழாயில் அடைப்பு. அங்கே ஒரு மலையாளி லேடி டாக்டர், சின்ன வயசு, நெஞ்சைப் பார்த்து முடித்தவர், கட்டிலின் காலடிக்கு வந்து போர்வையை விலக்கி அத்தையின் குதிகாலைக் கிள்ளிப் பார்த்தார். எனக்கு ஆச்சரியம். நெஞ்சுவலிக்குக் காலை எதற்குப் பார்க்கிறார் இந்தப் பெண் என்று.

"அம்மே, இது எப்போ தொட்டு உண்டு?"

"அது சின்ன வயசுலருந்தே டாக்டர். இவங்க குடும்பமே இப்படித்தான். மலைக்கால்னு சொல்லுவோம்," என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"குடும்பத்தில வேற ஆர்க்கெல்லாம் உண்டு?"

நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். "எங்க மாமனாருக்கு இருந்துச்சு. அவரு நாப்பத்தஞ்சுல எறந்துட்டாரு. அவரு தம்பிக்கு இருந்துச்சு. அவரும் அம்பது தாண்டல. எங்க வீட்டுக்காரருக்கு இருந்துச்சு. அவரு நாப்பத்தேழுல..." மூன்றாவது விரலில் நின்றுவிட்டேன். என் வாயே சொல்லிக்கொண்டு வந்ததை அப்போதுதான் என் காது கேட்டது. நாலாவது விரல் உன்னுடையது. அதை நான் நீட்டவில்லை, மடக்கிக்கொண்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். அது உழைப்பால் தடித்த நரம்பு இல்லையாம். ரத்தத்தில் பிறவியிலேயே கொழுப்பு அதிகம் இருக்கும் குடும்பங்கள் உண்டாம். அந்தக் கொழுப்பு போய்க் குதிகால் தசைநாரில் படிந்து படிந்துதான் இப்படித் தடிக்குமாம். கண்ணில் தெரியும் வெள்ளை வளையமும் அதுதானாம். காலில் படிவது வெளியே தெரிகிறது, நெஞ்சுக் குழாயில் படிவது தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாம் கால் பார்த்துப் பெண் கொடுத்தோம், கால் பார்த்து வேலை கொடுத்தோம், கால் வந்ததும் ஷூ வாங்கிக் கொடுத்தோம். ஒரு ஊரே சேர்ந்து ஒரு நோயைத் தட்டிக் கொடுத்து வளர்த்திருக்கிறோம்.

அவ்வளவையும் கேட்ட பிறகும் எனக்கு ஒரு நப்பாசை. கேட்டேன்: "அந்த மாத்திரை நரம்ப அறுக்காதா டாக்டர்? காகிதத்துலயே போட்டுருக்கே." அவர் என்னை முட்டாள் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சிலர்க்கு மசில் வேதனை வரும் அம்மே. டெண்டனுக்கும் வரலாம், ஆனா அது வளரெ அபூர்வம். வந்தா உடனே எங்ககிட்ட பறயணும். டோஸ் குறைக்கலாம், வேற மருந்து மாத்தலாம். தானே நிறுத்தக் கூடாது, அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்." என் வீட்டுக்காரருக்கு அறுந்தது மாத்திரையாலா என்று கேட்டேன். இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆனால் வருஷக்கணக்காகக் கொழுப்பு ஏறி இளகிப்போன தசைநார் எப்போது வேண்டுமானாலும் அறுந்திருக்கும், மூட்டைச் சுமையோடு ஏறுகிறவருக்குக் கேட்கவே வேண்டாம் என்றார். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் நான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன். இப்போது இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயம். கால் போன மனிதர் நொண்டி நொண்டியாவது இருந்திருப்பார். மாத்திரையைப் போட்டிருந்தால் உன் கல்யாணத்தைப் பார்த்திருப்பாரோ என்னவோ. ஏஞ்சலைத் தூக்கியிருப்பாரோ என்னவோ.

இது தெரிந்த அன்றே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மூன்று மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால், அப்பாவின் மாத்திரையை அடுப்பில் போட்டவள் நான் என்று உனக்கு ஞாபகம் வருமே. என் மகன் முகத்தில் அதைப் பார்க்க எனக்குப் பயம். பிறகு உன் கம்பெனிக்காரர்களே டெஸ்ட் எடுத்து, அங்கிருந்த டாக்டரே மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேட்டதும், அப்பாடா, கர்த்தர் நான் வாய் திறக்காமலேயே வழி செய்துவிட்டார் என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். எவ்வளவு சாமர்த்தியம் பார் உன் அம்மாவுக்கு. நான் பேசாமல் இருந்தால் என் பழைய பேச்சு சும்மா இருக்குமா? அது உன் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு உன் மாத்திரையை நிறுத்திவிட்டது.

உன் வலியை நான் பொய் என்று சொல்லவில்லை. வலிக்கிறது என்றால் வலிக்கத்தான் செய்யும். மாத்திரையால் வலிக்கிறதா, அந்தக் காலே வலிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். வியாழக்கிழமைக்குள் மாத்திரை எழுதித் தந்த டாக்டரிடம் போ. குதிகாலைக் காட்டு. இருபது நாள் நிறுத்தினேன் என்று ஒளிக்காமல் சொல். தாத்தாவின் வயசையும் அப்பாவின் வயசையும் சொல். நீ கம்பெனி டெஸ்டில் அதை எழுதியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், வேலை போய்விடும் என்று பயந்திருப்பாய். வேலை போனால் போகட்டும், இந்த வீட்டில் கஞ்சி இருக்கிறது. அவர் பார்த்துச் சொல்லும்வரை ஏணியில் ஏறாதே, பாரம் தூக்காதே, நண்பர்களோடு பந்து விளையாடப் போகாதே. ஏஞ்சலுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசிக்கு அழுவாள். ஜெனி அவளைப் பிடித்துக்கொள்ள மாட்டாள், இளகின மனசு. நான் பஸ் ஏறி வருகிறேன், நான் பிடித்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஜெனியும் படிக்கட்டும். யாரிடமும் மறைக்க வேண்டாம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் எழுந்து நின்று நானே சொல்லப் போகிறேன், குதிகால் தடித்தவர்கள் எல்லோரும் ரத்தம் பாருங்கள், என் பேச்சைக் கேட்டு மாத்திரையை விட்டவர்கள் டாக்டரிடம் போங்கள் என்று. இத்தனை வருஷம் அந்த இடத்தில் நின்று மற்றவர்களுக்குப் புத்தி சொன்னவள் நான்.

நீ என் மேல் கோபப்படலாம். அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. பேசாமல்கூட இருந்துகொள், ஆறு மாசமோ ஒரு வருஷமோ, நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கோபப்படுவதற்கு நீ இருக்க வேண்டும், ராசா. ஐம்பது வயதில், அறுபது வயதில், தலை நரைத்து, என் கல்லறைக்கு முன்னால் வந்து நின்று திட்டு. எனக்குக் கேட்கும்.

அன்றைக்கு உன் அப்பா நடுப்படியில் உட்கார்ந்து, காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். இந்த மூன்று மாசமாக ஒவ்வொரு நாளும் அந்தப் படியைக் கடக்கும்போது அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறேன். அவருக்குச் சொல்ல முடியாமல் போனதை இப்போது உனக்குச் சொல்கிறேன்.

போடு, ராசா. மாத்திரையைப் போடு.

அம்மா